பிளாஸ்டிக்கைச் சிதைக்கும் நொதியைப் பச்சைப்பாசி சுரக்கிறதாமே, ஏரியில் விடலாமா?

பச்சைப்பாசியின் மரபணுவை மாற்றி, பிளாஸ்டிக்கைச் சிதைக்கும் நொதியைச் சுரக்க வைத்துவிட்டார்கள் என்று செய்தி படித்தேன், அதை ஏரியிலும் கடலிலும் விட்டால் குப்பை தீருமா, பாக்டீரியா இருக்கும்போது எதற்குப் பாசி, இதையே எம்.எஸ்சி. புராஜெக்ட்டாக எடுக்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். முதலாவதற்கு ஒரே சொல்லில் பதில்: தீராது. இரண்டாவதுதான் சுவாரசியமானது, அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மூன்றாவதற்கு எடுக்கலாம், ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

செய்திகளில் "பிளாஸ்டிக்கைத் தின்னும் பாசி" என்று போடுகிறார்கள். இந்தப் பாசி எதையும் தின்பதில்லை. உண்மையிலேயே பிளாஸ்டிக்கைத் தின்று வளரும் ஒன்று வேண்டுமென்றால் அது ஒரு பாக்டீரியா. ஜப்பானில் ஒசாகா பக்கம் சகாய் என்ற ஊரில், பெட் (குடிநீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்) பாட்டில்களை மறுசுழற்சி செய்யும் இடத்திலிருந்து மண், கழிவுநீர், சேறு என்று 250 மாதிரிகளை எடுத்துச் சலித்ததில் கிடைத்தது. ஊர்ப்பெயரையே சேர்த்து இடியோனெல்லா சகாயென்சிஸ் என்று பெயர் வைத்து 2016-ல் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். அது பெட்டேஸ் என்ற நொதியை வெளியே விட்டு பெட் சங்கிலியை வெட்டுகிறது, வெட்டி வந்த துண்டை எம்ஹெட்டேஸ் என்ற இன்னொரு நொதி டெரெஃப்தாலிக் அமிலம், எத்திலீன் கிளைகால் என்று இரண்டாகப் பிரிக்கிறது, அதிலிருந்து வரும் கார்பனை வைத்து பாக்டீரியா வளர்கிறது. ஒரு மெல்லிய படலத்தைக் கரைக்க 30 டிகிரியில் ஆறு வாரம் ஆனது. அதுவும் பாட்டில் பிளாஸ்டிக் இல்லை, சுலபமாகக் கரையக்கூடிய வகைப் படலம்.

பாசி விஷயத்தில் நடப்பது வேறு. வேறொரு நுண்ணுயிரிடமிருந்து வந்த நொதியின் மரபணுவை எடுத்து, பாசிக்குப் புரியும்படி எழுத்து மாற்றி, உள்ளே செருகுகிறார்கள். பாசி அந்தப் புரதத்தைச் செய்து வெளியே விடுகிறது. பிளாஸ்டிக் கரைவதால் அதற்கு எந்த லாபமும் இல்லை. நமக்காக ஒரு பொருளைச் செய்து தரும் தொழிற்சாலை, அவ்வளவுதான். இதைப் பிடித்துக்கொண்டால் மீதிப் பாதி தானாகப் புரியும்.

இப்போது ஏரி, கடல். இந்த நொதிகள் எல்லாம் எஸ்டர் பிணைப்பை, அதாவது ஆக்சிஜன் வழியாகச் சங்கிலியைக் கோக்கும் கண்ணியை, வெட்டுபவை. பெட் ஒரு பாலியெஸ்டர், அதில் அந்தப் பிணைப்பு இருக்கிறது. சில வகை பாலியூரித்தேனிலும் இருக்கிறது. கேரி பேக், பால் கவர், பாட்டில் மூடி, பிளாஸ்டிக் வாளி, கயிறு எல்லாம் பாலித்தீனோ பாலிபுரொப்பிலீனோதான். அவற்றில் கார்பனும் கார்பனும் நேரடியாகக் கோத்த சங்கிலி, எஸ்டர் என்ற பேச்சே கிடையாது. பெட்டேஸை லாரி லாரியாகக் கொட்டினாலும் ஒரு கேரி பேக்கை ஒன்றும் செய்யாது.

அடுத்தது இன்னும் மோசம். பெட்டின் அடர்த்தி சுமார் 1.38. கடல்நீருக்கு 1.03 பக்கம். அதாவது பெட் துண்டு தண்ணீரில் மூழ்கும். மூடி போட்ட காலி பாட்டில் மிதக்கிறதே என்றால் அது உள்ளே இருக்கும் காற்றால். மிதந்துகொண்டே இருப்பவை பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும், அவை தண்ணீரைவிட லேசானவை. பாசி வாழ வெளிச்சம் வேண்டும், அதனால் மேல்பரப்பில் இருக்கும். ஆக, பாசி இருக்கும் இடத்தில் மிதப்பதை அதன் நொதியால் வெட்ட முடியாது, வெட்டக்கூடியது போய்க் கிடக்கும் அடியாழத்தில் வெளிச்சமும் இல்லை, சூடும் இல்லை. கடலைச் சுத்தம் செய்யும் பாசி என்று எங்காவது படித்தால் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள், போதும்.

சரி, பெட் மட்டும் என்றே வைத்துக்கொள்வோம். எல்லா பெட்டும் ஒரே மாதிரி இல்லை. சங்கிலிகள் பிழிந்த இடியாப்பம்போலத் தளர்ந்து சுருண்டு கிடக்கும் பகுதிகளும் உண்டு, விளக்குமாற்றுக் குச்சிபோல நெருக்கி அடுக்கிய படிகப் பகுதிகளும் உண்டு. நொதிக்கு நுழைய இடம் கிடைப்பது தளர்ந்த பகுதியில்தான். பழம், கேக் வைத்து விற்கும் ஒளி ஊடுருவும் டப்பாக்கள் பெரும்பாலும் தளர்ந்த வகை. குடிநீர் பாட்டிலை இழுத்து ஊதிச் செய்வதால் அதில் படிகம் அதிகம், பாலியெஸ்டர் நூலில் இன்னும் அதிகம். அதனால் ஆய்வுக் கட்டுரையில் "கடையில் வாங்கிய பிளாஸ்டிக்கைச் சிதைத்தோம்" என்று இருந்தால், எந்தப் பொருள் என்று முதலில் பாருங்கள். டப்பாவா பாட்டிலா என்பதில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறது.

தளர்ந்த பகுதியிலும் சங்கிலி அசைய வேண்டும். பெட் இளகத் தொடங்குவது 65-75 டிகிரி அளவில். அதனால்தான் இந்தத் துறையில் பெரிய முன்னேற்றம் எல்லாம் சூடு தாங்கும் நொதிகளில் வந்தது. ஜப்பானில் இலைதழை உரக்குழியில் கிடைத்த எல்.சி.சி. என்ற நொதியை பிரான்சில் துலூஸ் ஆய்வாளர்களும் கார்பியோஸ் நிறுவனமும் சேர்ந்து மாற்றியமைத்து, 72 டிகிரியில் 10 மணி நேரத்தில் 90 சதவீதம் பெட்டைப் பிரித்துக் காட்டினார்கள், 2020-ல் நேச்சர் இதழில் வந்தது. பிறகு 2022-ல் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தார் அங்கே ஒரு கல்லறைத் தோட்டத்து உரக்குவியலில் பி.எச்.எல்.7 என்ற நொதியைக் கண்டுபிடித்தார்கள். 70 டிகிரியில், ஒரு நாளுக்குள், பழ டப்பாவை அது பிரித்துவிடுகிறது. இரண்டுமே உரக்குவியலில் கிடைத்ததில் வியப்பில்லை. இலையின் மேல் இருக்கும் மெழுகுத்தோல் க்யூட்டின் என்ற இயற்கைப் பாலியெஸ்டர், உரக்குவியல் சூடாகவும் இருக்கும், அதை வெட்டித் தின்னும் நுண்ணுயிர்கள் அங்கே எப்போதும் உண்டு. அதே கத்தி பெட்டையும் கொஞ்சம் வெட்டுகிறது.

நீங்கள் படித்த செய்தி அநேகமாக இந்த பி.எச்.எல்.7 பற்றியதாகத்தான் இருக்கும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஸ்டீஃபன் மேஃபீல்டின் குழு, இதை கிளாமிடோமோனாஸ் ரீன்ஹார்ட்டியை என்ற ஒற்றைச் செல் பச்சைப்பாசியில் சுரக்க வைத்திருக்கிறது. அவர்களுக்கு முன்பும் முயற்சிகள் உண்டு. 2019-ல் ஜெர்மனியின் மார்பர்க்கில் டயாட்டம் என்ற கடல்நுண்பாசியில் பெட்டேஸைச் சுரக்க வைத்தார்கள், உப்புநீரில் வேலை செய்தது. 2020-ல் தென்கொரியாவில் கிளாமிடோமோனாஸுக்குள் பெட்டேஸை உருவாக்கினார்கள், ஆனால் அது வெளியே வரவில்லை; செல்லை உடைத்துச் சாற்றை எடுத்து, 30 டிகிரியில் நான்கு வாரம் ஊறவைத்துப் பார்த்தார்கள். 2023-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் சால் பர்ட்டன் குழு பசுங்கணிகத்துக்குள் (செல்லில் ஒளிச்சேர்க்கை நடக்கும் உறுப்பு) செய்து காட்டியது.

இங்கேதான் மரபணுவைச் செருக வேண்டியது செல்லின் உட்கருவான நியூக்ளியஸா பசுங்கணிகமா என்ற சண்டை வருகிறது. கிளாமிடோமோனாஸுக்கு ஒரே ஒரு பெரிய பசுங்கணிகம், செல்லில் கிட்டத்தட்டப் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கும், அதற்குள் அதன் சொந்த டி.என்.ஏ. சுமார் 80 பிரதிகளாக இருக்கும். அங்கே மரபணுவைக் குறிபார்த்து ஒரே இடத்தில் செருகலாம், பாசி அதை அமுக்காது, புரதமும் நிறையக் கிடைக்கும். ஆனால் அங்கே செய்த புரதம் அங்கேயே கிடக்கும். எடுக்க வேண்டுமென்றால் செல்லைக் கொன்று உடைக்க வேண்டும், சுத்திகரிக்க வேண்டும், அடுத்த தடவைக்குப் புதிதாக வளர்க்க வேண்டும். நொதி என்பது மருந்து மாதிரி கிராம் கணக்கில் விலை வைத்து விற்கும் பொருள் இல்லை, கிலோ கணக்கில் மலிவாக வேண்டும். உடைத்துச் சுத்திகரிக்கும் செலவே அதைக் கொன்றுவிடும்.

நியூக்ளியஸில் செருகினால், வெளியேறும் பாதை திறக்கிறது. புரதத்தின் தலைப்பில் சில பத்து அமினோ அமிலங்கள் கொண்ட சமிக்ஞை பெப்டைடு ஒன்றைச் சேர்த்துவிட்டால், செல் அதை, புரதங்களைப் பக்குவப்படுத்தி அனுப்பும் உறுப்புகளான எண்டோபிளாச வலைக்குள் இழுத்து, கோல்கை வழியாக அனுப்பி, வெளியே தள்ளிவிடும். வழியில் அந்தத் தலைப்பும் வெட்டப்பட்டுவிடும். கேட்க எளிது. நடைமுறையில் கிளாமிடோமோனாஸின் நியூக்ளியஸ் அந்நிய மரபணுவைக் கண்டால் வாயைப் பொத்தும் பேர்வழி. செருகும் மரபணு எங்கே போய் உட்காரும் என்று நம் கையில் இல்லை, உட்கார்ந்த இடத்தைப் பொறுத்து வேலை செய்யும் அல்லது செய்யாது, இன்று வேலை செய்வது சில தலைமுறை கழித்து அடங்கிப் போகும். டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஜி, சி இரண்டும் மட்டுமே அதில் 64 சதவீதம், அதனால் பாக்டீரியா மரபணுவை அப்படியே போட்டால் எடுபடாது, முழுவதும் மாற்றி எழுதிச் செயற்கையாகத் தொகுக்க வேண்டும். போதாக்குறைக்கு, பாசியின் சொந்த மரபணு ஒன்றிலிருந்து இன்ட்ரான் என்ற, புரதமாக மாறாத இடைத்துண்டை எடுத்து நடுவில் வைத்தால்தான் ஒழுங்காகப் படிக்கிறது.

மேஃபீல்டின் குழு 2012-லேயே இதற்கு ஒரு தந்திரம் செய்தது, எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது இதுதான். ஸியோசின் என்ற நச்சு மருந்தைத் தாங்க உதவும் பிளே என்ற புரதம் இருக்கிறது. பல எதிர்ப்புப் புரதங்கள் மருந்தைச் சிதைக்கும் நொதிகள், கொஞ்சம் இருந்தாலே செல் பிழைத்துக்கொள்ளும். பிளே அப்படி இல்லை. அது மருந்து மூலக்கூறைக் கட்டிப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒரு பிளேவுக்கு ஒரு மருந்து மூலக்கூறு என்ற கணக்கு. நிறைய பிளே செய்யும் செல்தான் பிழைக்கும். இந்தப் பிளேவோடு நமக்கு வேண்டிய புரதத்தை ஒரே மரபணுவாக இணைத்து, நடுவில் கோமாரி நோய் வைரஸிலிருந்து எடுத்த 2ஏ என்ற சிறு துண்டை வைத்தார்கள். புரதத்தைக் கோக்கும் ரைபோசோம் அந்த இடத்தை எட்டும்போது இணைப்பு விட்டுப்போய் இரண்டு தனிப் புரதங்களாக வரும். ஸியோசினில் பிழைத்த செல் என்றால் பிளே நிறைய இருக்கிறது, பிளே நிறைய என்றால் நம் நொதியும் நிறைய. ஊமையான செல்களை எல்லாம் மருந்தே களைந்துவிடுகிறது.

அப்புறமும் பிழைத்த காலனிகளுக்குள் (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டங்கள்) ஏகப்பட்ட ஏற்றத்தாழ்வு இருக்கும். ஆயிரக்கணக்கில் சலிக்க வேண்டும். அதற்கு இம்ப்ரானில் என்ற பாலியெஸ்டர் பாலியூரித்தேன் பாலை அகார் என்ற ஜெல்லியில் கலந்து தட்டு ஊற்றுகிறார்கள், தட்டு வெள்ளையாக மங்கலாக இருக்கும். நொதியை வெளியே விடும் காலனியைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம் தெரியும். கருவி எதுவும் வேண்டாம், கண்ணாலேயே பார்த்து நல்ல காலனியைப் பொறுக்கலாம். "சுரக்க வைத்தோம்" என்று ஒரு வரியில் படிக்கிறோமே, அதற்குப் பின்னால் இவ்வளவு வேலை இருக்கிறது.

இப்போது கொஞ்சம் கணக்கு. கார்பியோஸ் ஆய்வில் ஒரு கிராம் பெட்டுக்கு 3 மில்லிகிராம் நொதி போட்டார்கள். அப்படியானால் ஒரு டன்னுக்கு 3 கிலோ. கிளாமிடோமோனாஸ் வெளியே விடும் புரதம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்குதான். தாராளமாக 10 மில்லிகிராம் என்றே வைப்போம். 3 கிலோ நொதிக்கு 3 லட்சம் லிட்டர் பாசித் தண்ணீர் வேண்டும். ஒரு டன் டப்பாவுக்கு! உலகம் ஆண்டுக்குச் செய்யும் பிளாஸ்டிக் மொத்தம் 40 கோடி டன். இன்னொரு பக்கம், நொதித் தொழிற்சாலைகளில் பழகிப்போன டிரைக்கோடெர்மா பூஞ்சை லிட்டருக்கு 100 கிராம் வரை புரதத்தை வெளியே கொட்டுகிறது. இடைவெளி பத்தாயிரம் மடங்கு. பிறகு, பாசி வளர்வது 25 டிகிரியில், நொதி வேலை செய்வது 70 டிகிரியில். இரண்டையும் ஒரே தொட்டியில் வைக்க முடியாது, தண்ணீரை வடித்தெடுத்துச் சூடாக்க வேண்டும். வெட்ட வெட்ட டெரெஃப்தாலிக் அமிலம் சேர்ந்து கரைசல் புளிக்கும், காரம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அந்தச் செலவு தனி.

அப்படியென்றால் எதற்குப் பாசி? வழக்கமாகச் சொல்லும் பதில், பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் சர்க்கரை வேண்டும், பாசிக்கு வெயிலும் கார்பன் டை ஆக்சைடும் போதும் என்பது. இதில் ஒரு சின்ன ஏமாற்று இருக்கிறது. ஆய்வகங்களில் கிளாமிடோமோனாஸை வளர்க்கும் டேப் என்ற ஊடகத்தில் (வளர்ப்புக் கரைசல்) அசிட்டேட் இருக்கிறது, அதாவது சாப்பாடு ஊட்டித்தான் வளர்க்கிறார்கள். வெயிலை மட்டும் நம்பி வளர்த்தால் வளர்ச்சி குறையும், விளைச்சலும் குறையும். ஆனாலும் பாசிக்கு உண்மையான பலம் சில உண்டு: ஈ.கோலை பாக்டீரியாபோல நொதியை உள்ளேயே அடைத்து வைக்காது, நச்சுப்பொருள் தொல்லை இல்லை, நொதியை வடித்த பிறகு மிஞ்சும் செல்களிலும் எண்ணெய், புரதம் என்று மதிப்பு இருக்கிறது. இதே மேஃபீல்ட் பாசி எண்ணெயிலிருந்து மட்கக்கூடிய பாலியூரித்தேன் செய்து செருப்பு வரைக்கும் போனவர், அவர் ஏன் இந்தப் பக்கம் வருகிறார் என்பது புரிகிறது.

என் கருத்தைக் கேட்டால், நொதி செய்யும் தொழிற்சாலையாகப் பாசி பூஞ்சையோடு போட்டி போட்டு ஜெயிக்காது. அதற்கு இடம் இருப்பது கழிவுநீர்க் குட்டைகளில். அங்கே ஏற்கெனவே பாசி வளர்கிறது, வெயிலும் தண்ணீரும் நைட்ரஜனும் இலவசம், துணி துவைத்த தண்ணீரில் பாலியெஸ்டர் இழைத்தூளும் வந்து சேர்கிறது. அங்கே 70 டிகிரி நொதி உதவாது. 2022-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் கணினி வழியாகத் தேடி ஐந்து மாற்றங்களோடு செய்த ஃபாஸ்ட்-பெட்டேஸ் போன்று 30-50 டிகிரியில் வேலை செய்யும் வகை வேண்டும். இழையில் படிகம் அதிகம் என்ற சிக்கல் அப்போதும் இருக்கும், அதை நான் மறைக்கவில்லை. சான் டியாகோ குழு கிளாமிடோமோனாஸ் பசிஃபிகா என்ற உறவுக்காரப் பாசியையும் கையில் எடுத்திருக்கிறது. அது காரநீர், உப்பு, கடும் வெயில் எல்லாம் தாங்கும். காரநீரில் வேண்டாத கிருமிகள் குறைவாக வரும், இந்த நொதிகளுக்கும் லேசான காரம் பிடிக்கும். எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம்.

ஏரியில் விடுவதைப் பற்றி இன்னொன்று. அப்படியே ஒருவர் விட்டாலும், தனக்கு லாபமில்லாத புரதத்தைச் செய்து கொட்டும் செல், அதைச் செய்யாத செல்லைவிட மெதுவாகத்தான் வளரும். சில வாரங்களில் சோம்பேறிகள் முந்திவிடும், உழைப்பாளிகள் காணாமல் போவார்கள். சுரந்த நொதியும் தண்ணீரில் கலைந்து போகும், மற்ற நுண்ணுயிர்கள் அதையே தின்றுவிடும். பிறகு சட்டம்: இந்தியாவில் மரபணு மாற்றிய உயிரை வெளியில் விட 1989 விதிகளின்படி மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதி வேண்டும், அது விளையாட்டு இல்லை.

புராஜெக்ட்டுக்கு வருவோம். ஆறு மாதத்தில் புதிதாக மரபணு செருகிச் சுரக்க வைத்து பெட் கரைத்துக் காட்டுவேன் என்று கிளம்பாதீர்கள், முடியாது. ஏற்கெனவே சுரக்கும் பாசி வைத்திருக்கும் ஆய்வகத்தோடு சேர முடிந்தால், எந்த ஒளியில், எந்த ஊடகத்தில், எத்தனையாவது நாளில் நொதி அதிகம் வருகிறது என்று பார்ப்பதே நல்ல புராஜெக்ட். அசிட்டேட் போட்டதற்கும் போடாததற்கும் உள்ள வித்தியாசத்தை ஒழுங்காக அளந்தாலே பலருக்குப் பயன்படும். சாதாரணப் பாசி வகைகளை மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருக்கும் கிளாமிடோமோனாஸ் சேகரிப்பு மையத்தில் வாங்கலாம். மரபணு மாற்றிய வகை என்றால் உங்கள் கல்லூரியின் உயிரிப் பாதுகாப்புக் குழுவில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள், தாமதம் பெரும்பாலும் அங்கேதான் வரும்.

இம்ப்ரானில் தட்டில் வளையம் வந்ததும் பெட் கரைகிறது என்று எழுதிவிடாதீர்கள். கொழுப்பை வெட்டும் சாதாரண லைப்பேஸ் நொதிகூட அந்தப் பாலைத் தெளிய வைக்கும். வளையம் காட்டுவது எஸ்டரை வெட்டும் ஏதோ ஒன்று வெளியே வந்திருக்கிறது என்பதை மட்டும்தான். பெட் துண்டைப் போட்டு, வெளிவரும் டெரெஃப்தாலிக் அமிலத்தை எச்.பி.எல்.சி. என்ற, கலவையைப் பிரித்து அளக்கும் கருவியில் 240 நானோமீட்டர் அலைநீளம் பக்கம் அளந்தால்தான் வழிகாட்டியும் தேர்வாளரும் ஒப்புக்கொள்வார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, மரபணு மாற்றாத பாசியின் தண்ணீர் ஒன்று, கொதிக்க வைத்து நொதியைச் செயலிழக்கச் செய்த தண்ணீர் ஒன்று, வெறும் ஊடகம் ஒன்று, இந்த மூன்றிலும் அதே பெட் துண்டை அதே நாட்களுக்கு ஊறப்போட்டு வையுங்கள். துண்டுகளை ஒரே டப்பாவின் ஒரே பக்கத்திலிருந்து வெட்டிக்கொள்ளுங்கள், ஓரத்திலும் மூலையிலும் படிக அளவு மாறும்.